வேகத்தை ஏற்றினான் மகன். இருண்டது கம்ப்யூட்டர் திரை!

(நமது நிருபர்)

ஜீடிமெட்லா: ஷாப்பூர் நகரில் பஸ்ஸை விட்டு இறங்கித் தொழிற்பேட்டைப் பக்கம் நடந்தால், மருந்து வாடை மூக்கைத் துளைக்கும். அந்த வாடைக்குப் பழகிப்போன தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவற்றில் ஒன்றில் அண்மையில் நடந்த சம்பவம் இது. நம்மவர் பலருக்கும் பாடமாகும் என்பதால் எழுதுகிறேன்.

நண்பர் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகனுக்காகச் செகந்திராபாத் பார்க் லேனில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். தீபாவளி போனஸ் அப்படியே அதற்குப் போயிற்று.

பையன் சூட்டிகை. "உன் திரை வினாடிக்கு 60 தடவைதான் படம் காட்டுகிறது, 75 ஆக்கினால் விளையாட்டு ஜோராக ஓடும்" என்று தோழன் ஒருவன் சொல்ல, அதற்கென்று உள்ள ஒரு சாப்ட்வேரைப் போட்டு வேகத்தை ஏற்றிவிட்டான். ஒரு வாரம் ஓடிற்று. ஆசை விடுமா? இன்னும் கொஞ்சம் ஏற்றினான். திரை அடியோடு இருண்டது.

ரிப்பேர் கடைக்காரர் பார்த்துவிட்டு, "பேனல் போய்விட்டது. நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றாராம்.

"பொண்ணு ஸ்கூல் ஃபீஸுக்கு வச்சிருந்த பணம் சார். அதை எடுத்துக் கொடுக்கறதா, வேண்டாமான்னு தெரியலே" என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றார் நண்பர்.

எலக்ட்ரீஷியன் கேட்ட கேள்வி

எங்கள் தெருவில் சேலத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். அவரை அழைத்துப் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்விட்சைப் போட்டதும் கம்பெனி முத்திரை தெரியுதா?"

"தெரியுதுண்ணே. அப்புறம்தான் இருட்டாயிடுது" என்றான் பையன்.

"அப்போ பேனல் சாகலே, தம்பி. முத்திரை வரும்போது பழைய வேகம். அப்புறம் நீ வச்ச வேகம் வருது. அதைத் திரையால வாங்கிக்க முடியலே!"

அடுத்த வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தத் திரையை மாட்டினார். படம் பளிச்சென்று வந்தது. பிறகு பையனின் கம்ப்யூட்டரை 'சேஃப் மோட்' என்ற எளிய முறையில் தொடங்கி, அந்த சாப்ட்வேரை நீக்கி, வேகத்தை 60-க்குத் திருப்பினார். செலவு? எங்கள் மூவருக்கும் அந்த வீட்டு அம்மா கொடுத்த காபி மட்டும்தான்.

60 என்றால் என்ன?

திரை ஒரு வினாடியில் எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதே இந்தக் கணக்கு. இதை 'ஹெர்ட்ஸ்' என்கிறார்கள். ஜெர்மன் விஞ்ஞானி ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் (1857–1894) பெயரால் வந்த அளவு.

இன்றைய தட்டைத் திரை 60 ஹெர்ட்ஸுக்கு என்று செய்யப்பட்டிருந்தால், அதன் உள்ளே இருக்கும் மின்சுற்றும் அந்த அளவுக்கே பொறுப்பு. 75 கொடுத்தால் சில திரைகள் தாங்கும். சிலவற்றில் படம் துடிக்கும், கோடு விழும். வேறு சில, 75 படங்களையும் வாங்கிக்கொள்வதுபோல் நடித்து, நடுவில் 15 படங்களை விட்டுவிடும். மின்சுற்றில் சூடு ஏறும். வரம்பை மீறி ஓட்டிய பிறகு கியாரண்டி கேட்டுப் போனால், கம்பெனி பொறுப்பேற்பது அரிது.

கணக்கு எழுதவும், கடிதம் அடிக்கவும், பாடம் படிக்கவும் 60-க்கு மேல் ஏற்றுவதால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. கடைகளில் 144, 165 என்று விற்கும் திரைகள் அந்த வேகத்துக்கென்றே செய்தவை. அவற்றைப் பார்த்து நம் பழைய திரையை விரட்டக்கூடாது.

குழாய்த் திரை என்றால் ஆபத்து

நம் ஹைதராபாத்தில் 1967-ல் தொடங்கிய ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தின் டெலிவிஷன் பெட்டி பல வீடுகளில் இருந்தது. அதேபோன்ற கண்ணாடிக் குழாய்தான் பழைய கம்ப்யூட்டர் திரையிலும். மின்கதிர் ஒன்று வரி வரியாக ஓடிப் படம் வரையும். 768 வரிகள் உள்ள படத்தை 60 ஹெர்ட்ஸில் காட்ட, அந்தக் கதிர் வினாடிக்குச் சுமார் 48 ஆயிரம் வரி ஓடவேண்டும். 75 ஆக்கினால் 60 ஆயிரம்! அதற்குத் தகுதியில்லாத திரையில் உறுப்புகள் கொதித்துக் கருகிவிடும்.

1981-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் சிறிய கம்ப்யூட்டருடன் கொண்டுவந்த 5151 என்ற திரையைத் தவறான கட்டளையே பழுதாக்கக்கூடும் என்பது அக்காலத்தவர் அறிந்த சங்கதி. பின்னர் வந்த பல திரைகளில் பாதுகாப்பு ஏற்பாடு சேர்த்தார்கள். பழைய குழாய்த் திரை யார் வீட்டிலாவது இருந்தால், அதைத் திறக்கவே வேண்டாம். உள்ளே 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும்; ஸ்விட்சை அணைத்த பின்னும் தங்கியிருக்கக்கூடும்.

செய்யவேண்டியது

திரையின் குறிப்புப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவோடு நில்லுங்கள். விண்டோஸிலேயே வேகத்தை மாற்றினால், 'சரி' என்று அழுத்தாதவரை 15 வினாடியில் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். பதறாமல் காத்திருங்கள். அப்படியும் இருட்டாகவே இருந்தால், வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்காமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். தீய்ந்த வாடையோ, கீச்சென்ற ஒலியோ வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

ரெயில்வேயில் எஞ்சின் எவ்வளவு சக்தி உள்ளதானாலும், 'காஷன் ஆர்டர்' கொடுத்த இடத்தில் டிரைவர் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். தண்டவாளம் தாங்குவதுதான் வேகம். திரைக்கும் அதே சட்டம்தான்.

நண்பர் மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெண்ணின் ஃபீஸைக் கட்டி ரசீது வாங்கிவிட்டார். பையன்? 60-லேயே படிக்கிறான்.