பைக் ஓட்டும்போது கை மரத்துப் போகிறதா? எந்த விரல் என்று கவனியுங்கள்

கோட்டூர்புரம் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் இருக்கும் ஒரு சகோதரர், ஆறு வருடமாகப் பைக்கில் பார்சல் கொண்டு சேர்க்கும் வேலை செய்கிறார். காலையில் கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டி நந்தனம், தி.நகர். மதியத்துக்கு மேல் காந்தி மண்டபம் சாலை, சர்தார் படேல் சாலை வழியாக ராஜீவ் காந்தி சாலை. ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் கை ஹேண்டில்பாரில்தான் இருக்கும்.

முதலில் இடது கை விரல்களில் எறும்பு ஊர்வது போல இருந்ததாம். பிறகு நடு இரவில் கை மரத்துப்போய் விழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சரியாகிவிடும். திரும்பவும் தூங்கிவிடுவார். "பைக் ஓட்டுறவனுக்கு இதெல்லாம் சகஜம் பாய்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். மருந்துக் கடையில் வலி மாத்திரை, ராத்திரியில் தைலம் என்று ஒரு வருடம் ஓடியது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போன பிறகுதான் மருத்துவரிடம் போனார். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வலது கையில் கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருந்த சதை, இடது கையில் வற்றிப் பள்ளமாக இருந்தது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரவில் மரத்துப் போவது நின்றுவிட்டது. ஆனால் வற்றிய சதை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஆறு மாதம் முன்னால் போயிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது என்பதுதான் அவருடைய வருத்தம். நம்மில் எத்தனையோ பேர் இதே மாதிரி கையை உதறிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறோம் என்பதால் இதை எழுதுகிறேன்.

'கைவலி' என்று ஒரே பேரில் சொன்னாலும் அதில் பல வகை உண்டு. முதலில் பார்க்க வேண்டியது எந்த விரல் மரத்துப் போகிறது என்பதை. நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் வளைவாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வளைவின் மேல் ஒரு கெட்டியான நார்ப்பட்டை மூடி போலக் கிடக்கிறது. நடுவில் உள்ள சின்னச் சுரங்கத்துக்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், மீடியன் என்ற நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. கையை ஓயாமல் இறுக்கிப் பிடித்தால் தசைநாண்களைச் சுற்றி வீக்கம் வரும். எலும்பும் பட்டையும் இடம் கொடுக்காது, நரம்புதான் நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்வு தருவது இந்த நரம்பு. அங்கே மரத்துப்போய், இரவில் அதிகமாகி, உதறினால் குறைகிறது என்றால் பெரும்பாலும் அது கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். அந்தச் சகோதரருக்கு வந்தது இதுதான்.

சுண்டு விரலும் மோதிர விரலின் மறு பாதியும் மரத்தால் அது வேறு நரம்பு. முழங்கையை எதிலாவது இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி சுண்டு விரல் வரை ஓடுமே, அந்த அல்னார் நரம்பு. அது மணிக்கட்டில் சுண்டு விரல் பக்கமாக ஒரு குறுகிய வழியில் நுழைகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் குயோன் 1861ல் விவரித்த இடம் அது. உடம்பின் பாரத்தை உள்ளங்கையின் அடிப்பகுதியில் ஊன்றி, முன்னால் சாய்ந்து ஓட்டுகிறவர்களுக்கு அந்த இடம்தான் அழுந்துகிறது. தாழ்வான ஹேண்டில்பார் உள்ள ஸ்போர்ட்ஸ் பைக்கை ஆசையாக வாங்கிய தம்பிகள் இதைக் கவனிக்கவும்.

மரத்துப் போகாமல், கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் மட்டும் சுரீர் என்று வலித்தால் அது நரம்பு இல்லை, தசைநாண் உறையின் வீக்கம். சுவிஸ் மருத்துவர் டி கெர்வைன் 1895ல் எழுதியதால் அவர் பேரிலேயே இன்றும் சொல்கிறார்கள். குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மார்களுக்கும் இதே வலி வருவதுண்டு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து, விரல்கள் கீழே பார்க்கும்படி மணிக்கட்டை மடக்கி, ஒரு நிமிடம் அப்படியே வையுங்கள். அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஃபேலன் பேரில் வழங்கும் சோதனை இது. அதற்குள் விரல்கள் மரத்தால் மீடியன் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். மணிக்கட்டைப் பின்பக்கமாக வளைத்தாலும் சுரங்கத்துக்குள் அழுத்தம் ஏறும். சுஜூதில் கையை ஊன்றும்போது விரல்கள் சுரீர் என்கின்றன என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுவே. இவை சந்தேகத்துக்கு மட்டும்தான். உறுதி செய்ய மருத்துவர் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் நரம்பில் மின் ஓட்டம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் பரிசோதனை செய்வார்கள்.

இனி வண்டிக்கு வருவோம். பலர் வண்டியை வாங்கிய நாளிலிருந்து லீவர்களைத் தொட்டதே இல்லை. சீட்டில் எப்போதும் போல உட்கார்ந்து, விரல்களை நீட்டி கிளட்ச் லீவரின் மேல் வையுங்கள். முழங்கை முதல் விரல் நுனி வரை ஒரே நேர்க்கோடாக இருக்க வேண்டும். லீவர் மேலே தூக்கி நின்றால் ஒவ்வொரு முறை விரலை வைக்கும்போதும் மணிக்கட்டு பின்னால் வளையும். தி.நகரில் ஒரு மாலை நேரத்தில் எத்தனை முறை கிளட்ச் பிடிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கை விட்டுப்போகும். லீவரைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, கொஞ்சம் கீழே இறக்கி, மறுபடி முடுக்கினால் போதும். மெக்கானிக்கிடம் ஐந்து நிமிட வேலை. ஸ்கூட்டர்களில் பிளாஸ்டிக் மூடிக்குள் இருப்பதால் இதைச் சுலபமாகச் செய்ய முடியாது. ஆனால் அங்கே கிளட்ச்சே இல்லை.

அடுத்தது கிளட்ச் கேபிள். உள்ளே இருக்கும் கம்பி காய்ந்து, துருவேறி, ஒவ்வொரு இழையாக அறுந்துகொண்டே வரும். லீவர் மெல்ல மெல்லக் கனமாவதால் நமக்குத் தெரிவதே இல்லை, கைதான் பழகிக்கொள்கிறது. நண்பருடைய புது வண்டியின் கிளட்ச்சை ஒரு முறை பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். புதுக் கேபிள் பெரிய செலவு இல்லை. லீவர் நுனியில் விட வேண்டிய தளர்வு எவ்வளவு என்பது வண்டியோடு வந்த கையேட்டில் மில்லிமீட்டரில் போட்டிருக்கும், அதன்படி வைக்கச் சொல்லுங்கள்.

வலது கை வேறு விதமாகக் கெடுகிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது மணிக்கட்டை மடித்துப் பிடிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. கொஞ்சம் முன்னதாகவே, மணிக்கட்டு உயர்ந்திருக்கும் நிலையில் கிரிப்பைப் பிடித்தால், முறுக்கிய பிறகு கை நேராக வந்து நிற்கும். பிடியும் தளர்வாக இருக்கட்டும். வண்டியைத் தாங்க வேண்டியது முழங்கால்கள். டேங்க்கை இரண்டு முழங்கால்களாலும் லேசாக அணைத்துக்கொண்டால், பிரேக் போடும்போது பாரம் கைக்கு வராது. டேங்க் இல்லாத ஸ்கூட்டரில் முதுகை நிமிர்த்தி உட்காருவதுதான் வழி. தடித்த ஸ்பாஞ்ச் கிரிப் போட்டால் வலி குறையும் என்று கடைக்காரர் சொல்வார். சின்னக் கை உள்ளவர்களுக்குப் பிடி தடித்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கத்தான் தோன்றும். கையுறையும் அப்படித்தான், மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக் கட்டினால் அதுவே நரம்பை அழுத்தும்.

அதிர்வைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. 1918லேயே அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சுண்ணாம்புக்கல் குவாரியில் காற்றுச் சுத்தியல் பிடித்து வேலை செய்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து உணர்விழந்து போவதை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். ஒரு தொழிலாளியின் கைக்கு ஒரு நாளில் இவ்வளவு அதிர்வுதான் போகலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002ல் எல்லை வகுத்தது. பைக்கின் அதிர்வு காற்றுச் சுத்தியல் அளவுக்கு இருக்காது. ஆனால் வருடக்கணக்கில் தினமும் எட்டு மணி நேரம் என்றால் அதையும் கணக்கில் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நம் சாலையில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலானவை ஒற்றை சிலிண்டர். ஒரே பிஸ்டன் மேலும் கீழும் அடிக்கும்போது அதை ஈடுகட்ட எதிரில் இன்னொன்று இல்லை. 1955 முதல் நம் திருவொற்றியூரில் தயாரான புல்லட்டின் அதிர்வை ரசித்தவர்கள் உண்டு. 2020ல் வந்த மீட்டியார் 350 முதல், அதிர்வைக் குறைக்க எதிர்த்திசையில் சுழலும் பேலன்சர் தண்டு ஒன்றை இன்ஜினுக்குள் வைத்திருக்கிறார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்ஜின் மவுண்டிங் போல்ட், ஹேண்டில்பார் நுனியில் இருக்கும் எடை, கோன் செட், டயர் காற்று ஆகியவற்றைப் பார்க்கலாம். அந்த நுனி எடை அழகுக்கு வைத்தது என்று நினைத்துக் கழற்றி எறிபவர்கள் இருக்கிறார்கள். அதிர்வை அடக்கத்தான் அது இருக்கிறது.

தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில், இணையவழி டெலிவரி போன்ற வேலைகளில் இருக்கும் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. பெட்ரோல் செலவை வைத்துத்தான் எல்லோரும் அதைப் பேசினார்கள். கிளட்ச்சும் இல்லை, இன்ஜின் அதிர்வும் இல்லை என்பது கைக்குக் கிடைக்கும் லாபம். நலவாரியத்தில் பதிவு செய்யாதவர்கள் இதற்காகவாவது பதிவு செய்துகொள்ளலாம்.

எல்லாப் பழியையும் வண்டி மேல் போடவும் முடியாது. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கு மணிக்கட்டு நரம்பு சீக்கிரம் நெருக்கப்படும். இரண்டு கைகளோடு பாதமும் மரத்தால் சர்க்கரையும் பி12 அளவும் பார்க்க வேண்டும். கழுத்திலிருந்து தோள் வழியாக வலி இறங்கினால் கழுத்து எலும்பைப் பார்க்க வேண்டும். இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு 108ஐ அழையுங்கள்.

ஆரம்பத்திலேயே போனால் சிகிச்சை எளிது. மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை இரவில் கட்டிக்கொண்டு தூங்கச் சொல்வார்கள். அதைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது, லீவர் பிடிக்க வராது. அதில் தீராவிட்டால் ஊசி, அதற்கும் பிறகுதான் அந்த நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் தரும் சிறிய அறுவை சிகிச்சை. கோட்டூர்புரத்துக்குப் பக்கத்திலேயே, கிண்டியில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே பெயர் பெற்ற தனித் துறை இருக்கிறது, பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்தது. இது தெரியாமல் எண்ணெய் போட்டு உருவிவிடும் இடங்களைத் தேடிப் போகிறவர்கள் இன்னும் நிறையப் பேர்.

அந்தச் சகோதரர் இப்போதும் அதே வேலைதான் செய்கிறார். கேபிளை மாற்றிவிட்டார், லீவரை இறக்கிவிட்டார். முன்பெல்லாம் சிக்னலில் முதல் கியரைப் போட்டு கிளட்ச்சை அமுக்கிக்கொண்டே நிற்பார். இப்போது நியூட்ரலில் போட்டுவிட்டுக் கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொள்கிறாராம். பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும் என்கிறார்.