'ஏற ஏற' என்பதும் 'ஏறியதால்' என்பதும்

புள்ளியியல் பாடநூல்களில் புழங்கும் 'ஒட்டுறவு' என்ற கலைச்சொல், இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவதைக் குறிக்கிறது. ஒன்று கூடும்போது மற்றதும் பெரும்பாலும் கூடினால் நேர் ஒட்டுறவு. ஒன்று கூட மற்றது குறைந்தால் எதிர் ஒட்டுறவு. சொல்லுக்குள்ளேயே 'உறவு' உட்கார்ந்திருப்பதுதான் சிக்கல். உறவு என்றதும் மனம் காரணத்தைத் தேட ஆரம்பித்துவிடுகிறது.

பேச்சுத் தமிழில் இதற்குத் தனி வாய்பாடே இருக்கிறது: 'ஏற ஏற', 'போகப் போக', 'தோண்டத் தோண்ட'. நீரின் ஆழத்தையும் நீர்ப்பூத் தண்டின் நீளத்தையும் இணைத்து, அதேபோல் உள்ளத்தின் அளவே மனிதரின் உயர்வு என்று வள்ளுவர் சொல்வதும் நேர் ஒட்டுறவுதான். இவ்வாய்பாடு இரண்டு ஏற்றங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது, அவ்வளவே. 'ஆல்' என்ற மூன்றாம் வேற்றுமை உருபு சேரும்போதுதான் ஒன்று மற்றதற்குக் காரணமாகிறது. இந்தத் தாவலைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

ஒட்டுறவை அடையாளம் காண்பது கடினமல்ல. ஒரு பெட்டிக்கடையின் சோடா விற்பனையையும் பக்கத்து வீட்டின் கரண்ட் பில்லையும் எடுத்துக்கொள்வோம். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் விற்பனைக் கணக்கையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். கட்டம் போட்ட தாளில் விற்பனையைப் படுக்கையாகவும் பில்லை நெடுக்கையாகவும் குறித்துப் புள்ளி வைத்தால், அவை இடது கீழ்மூலையிலிருந்து வலது மேல்மூலைக்கு ஏறும். நேர் ஒட்டுறவு. ஆனால் சோடா குடித்ததால் கரண்ட் செலவாகவில்லை. இரண்டையும் ஏற்றியது வெயில். தாளில் இல்லாத மூன்றாவது அளவு அது.

ஒட்டுறவுக்கு எல்லையும் உண்டு. மணிமங்கலம் ஏரியில் மழை கூடக் கூட நீர்மட்டம் கூடும், கலங்கல் வரைக்கும்தான். அதற்குமேல் பெய்வது மட்டத்தை அவ்வளவாக ஏற்றாது. மிகுநீராய் அடையாற்றை நோக்கிப் போகும். ஏரியை மட்டும் பார்த்தவருக்கு அங்கே ஒட்டுறவு முடிந்துவிட்டது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் அது முடியவில்லை.

இனி, மணிமங்கலத்து டீக்கடையில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம்: "வடநாட்டுக்காரங்க வந்ததாலதான் வாடகை ஏறிப்போச்சு." இரண்டு ஏற்றங்களையும் மறுக்க வேண்டியதில்லை. ஆள் கூடினால் வாடகை ஏறும் என்பதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஆளை வரவழைத்தது எது? 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். ஆலை ஏற ஏற ஆள் ஏறியது, மனை விலை ஏறியது, வாடகையும் ஏறியது. ஆலைக்கு இடம் ஒதுக்கிய வேகத்தில் தொழிலாளிக்கு அறை ஒதுக்கப்படவில்லை. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான விடுதி திறக்கப்பட்டது 2024 ஆகஸ்டில்தான்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களும் அறை எடுத்துத்தான் தங்குகிறார்கள். அவர்களை அந்த வாக்கியத்தின் எழுவாயாக வைத்து யாரும் பேசுவதில்லை. வாடகையை உயர்த்திய வீட்டுக்காரரும் அதில் இல்லை. ஆக, இங்கே காரணத்தைத் தேர்ந்தெடுத்தது கணக்கல்ல. மொழி தெரியாதவன் மீது ஏற்கனவே இருக்கும் ஒவ்வாமை.

இந்தக் கருவியின் பிறப்பும் சாதுவானதல்ல. 1888இல் ஃபிரான்சிஸ் கால்டன் ஒட்டுறவை வகுத்தது உயரம், முன்கை நீளம் போன்ற மனித உடலளவுகளைக் கொண்டுதான். 1883இல் 'இன மேம்பாட்டியல்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை உருவாக்கியவரும் அவரே. பின்னர் −1க்கும் +1க்கும் இடையில் நிற்கும் ஒட்டுறவுக் கெழுவைச் செப்பம் செய்த கார்ல் பியர்சனும் அக்கொள்கையின் ஆதரவாளர். சேர்ந்து மாறும் அளவுகளைக் கண்டுபிடித்தது அறிவு. அதை வைத்து மனிதர்களைத் தரம் பிரித்தது அதிகாரம். இரண்டையும் பிரித்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

'ஏற ஏற' என்று ஒருவர் சொன்னால் புள்ளிகளைக் காட்டச் சொல்லலாம். 'ஆல்' என்று முடித்தால் புள்ளிகள் போதாது. இடையில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும்.