'எல்லாத்துக்கும் அம்மாதான் பேசணுமா?' காது கேளாத பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்க என்ன வழி?

தேனி அல்லிநகரத்தில் ஒரு வீட்டை மனசுல வச்சுக்கோங்க. காது கேளாத பெண், வயது 19. வெளியூர் சிறப்புப் பள்ளியில் விடுதியில் தங்கி பிளஸ் டூ முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறார். பேங்க்குக்குப் போனால் மேனேஜர் அம்மாவைப் பார்த்துப் பேசுகிறார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "எங்க வலிக்குதாம்?" என்று அம்மாவிடம் கேட்கிறார். மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும் அதே கதைதான். பொண்ணு பக்கத்துலயே உட்கார்ந்திருக்கு. அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

இது உதாரணத்துக்குச் சொன்னதுதான். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அவர்கள் வீடுகளில் இதைப் படிப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

பள்ளிக்கூடம் முடிஞ்சதும் என்ன ஆகுது?

விடுதியில் இருந்தவரைக்கும் அந்தப் பெண்ணைச் சுற்றி சைகை மொழி இருந்தது. சண்டை, கிண்டல், ரகசியம் எல்லாமே கையால்தான். ஊருக்கு வந்ததும் அது ஒரே நாளில் நின்றுபோகிறது. தோழிகள் ஆளுக்கொரு ஊரில். வீட்டிலோ "சாப்பிடு", "தூங்கு", "வா", "போ" அளவுக்குத்தான் சைகை தெரியும். கல்யாணப் பேச்சு, கடன் பிரச்னை, பக்கத்து வீட்டு வம்பு எதுவும் அவர் வரைக்கும் வருவதில்லை. கேட்டால், "அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை!

"உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவா" என்று சில பெற்றோர் நம்புகிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று சத்தம் வராமல் 'பணம்' என்று சொல்லிப் பாருங்க. அப்புறம் 'மணம்' என்று சொல்லுங்க. உதடு ஒரே மாதிரிதான் அசையும். இதை வைத்து பேங்க்கில் கணக்கு வழக்கு பேச முடியுமா?

எழுதிக் காட்டினால் போதும் என்பதும் முழுத் தீர்வு இல்லை. சைகை மொழிக்கு இலக்கணமே வேறு. அதில் வளர்ந்தவர்களுக்கு அலுவலகத் தமிழில் வரும் நீளமான படிவம் கஷ்டம்தான். அது நமக்கே கஷ்டம் என்பது வேறு விஷயம்.

18 வயசுக்கு அப்புறம் கார்டியன் வேணுமா?

வேண்டாம். காது கேட்கவில்லை என்பதற்காக யாருக்கும் பாதுகாவலர் தேவையில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவற்றுக்காக வந்த 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் பட்டியலில் காது கேளாமை மட்டும் உள்ளவர்கள் இல்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 13-வது பிரிவு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. சொத்து வைத்துக்கொள்ளவும், பணத்தைத் தானே நிர்வகிக்கவும், வங்கிக் கடன் வாங்கவும் மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. பண விவகாரத்தில் உதவ வருபவருக்கே அதில் லாபம் இருந்தால், அவர் அந்த விஷயத்தில் விலகிக்கொள்ள வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்றால், பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அழைத்துப் போகிறவரும், அங்கே "விளக்கிச் சொல்கிறவரும்" சில நேரம் பங்காளியாகவே இருப்பார். அந்த இடத்தில் வீட்டைச் சேராத ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தே ஆக வேண்டும்.

உச்ச நீதிமன்றத்திலேயே இது நடந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளர் உதவியோடு அங்கு ஆஜரானார்.

அடையாள அட்டையில் எதைப் பார்க்கணும்?

தேதியை! சிறுவயதில் கொடுத்த சான்றிதழ் தற்காலிகமானதாக இருந்தால் காலாவதி தேதி இருக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில் அதைக் கண்டுபிடித்து அலைவதைவிட, 18 வயதிலேயே செவித்திறன் பரிசோதனை செய்து புதுப்பித்துவிடலாம். கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். சலுகைகள் பெரும்பாலானவற்றுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும்.

வேலை, வண்டி?

அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடஒதுக்கீடு. அதில் 1 சதவீதம் காது கேளாதோர், கேட்கும் திறன் குறைந்தோருக்கு. உயர்கல்வியில் 5 சதவீதம். தனியார் நிறுவனங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கான சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால், என்னென்ன வேலை, என்னென்ன வசதி என்பதையும் அதில் சொல்ல வேண்டும்.

மில்லோ, ஜவுளிக்கடையோ, முதலாளி பெரிசாகச் செலவு பண்ண வேண்டியதில்லை. சைரனோடு ஒரு எரிந்து அணையும் விளக்கு, ஷிப்ட் மாறினால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி. வேலையைச் சொல்லிக் கொடுக்கும்போது முதுகைக் காட்டாமல் நிற்பதற்குக் காசே ஆகாது.

வண்டி ஓட்டலாம். ஓட்டுநர் தேர்வில் தேறினால் காது கேளாதவர்களும் உரிமம் பெறலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2011-லேயே தெளிவுபடுத்திவிட்டது. கம்பம், போடி என்று வேலைக்குப் போகிறவருக்கு டூவீலர் இல்லையென்றால், கடைசி பஸ் எப்போது என்பதுதான் வாழ்க்கை.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் குடும்பம் சைகை படிக்க வேண்டும். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட சைகை அகராதியை வெளியிட்டிருக்கிறது. வீடியோக்களை யூடியூப்பில் இலவசமாகப் பார்க்கலாம். அதைவிட நல்ல டீச்சர் உங்க பிள்ளைதான்.

அடுத்தது கொஞ்சம் கஷ்டம். கவுன்ட்டரில் அம்மா வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். பிள்ளை கேள்வியைப் போனில் டைப் செய்து காட்டட்டும். ஊழியர் உங்களைப் பார்த்துப் பேசினால், "அவகிட்டயே கேளுங்க" என்று மட்டும் சொல்லுங்க. முதல் தடவை அரை மணி நேரம் ஆகும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை. கரன்ட் பில்லில் ஆரம்பிக்கலாம், பிறகு பேங்க், பிறகு டாக்டர்.

வங்கிக் கணக்கில் இணைக்கும் செல்போன் எண் பிள்ளையுடையதாகவே இருக்கட்டும். ஓடிபி அப்பா போனுக்குப் போனால், கணக்கு யார் பெயரில் இருந்தாலும் அது அப்பா கணக்குதான். ஓடிபி-யை யாருக்கும் அனுப்பக் கூடாது என்பதையும் சைகையில் விளக்கிவிடுங்க. காது கேட்கிறவர்களுக்கு டிவியில் தினமும் வரும் எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேர்வதில்லை.

உதவிக்கு எண் கொடுத்து, "போன் பண்ணுங்க" என்பதுதான் நம் ஊர் வழக்கம். பேசி உதவி கேட்க முடியாதவர் என்ன செய்வார்? 112 அவசர உதவிச் செயலியில் பேசாமலே உதவி கேட்க ஆபத்துப் பொத்தான் இருக்கிறது. அதை இன்றே அவர் போனில் போட்டுக் கொடுத்து, எப்போது அழுத்த வேண்டும் என்று பேசிவிடுங்க. கையால்தான்.