அடுப்பு அணைந்த பிறகுதான் கவனம் தேவை!

கரி தரும் விறகு அடுப்பைப் பற்றிக் கேள்வி-பதில் பகுதியில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர் போனில் கேட்டார்: “சார், சமைச்சு முடிச்சதும் கங்கு அப்படியே கிடக்குது. புகையும் இல்லை. மழைக்காலத்துல வீட்டுக்குள்ள வெச்சா கதகதப்பா இருக்குமே, வைக்கலாமா?”

“வைக்கவே கூடாதும்மா” என்றேன். சில வரிகளில் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

இந்த அடுப்பில் விறகை முதலிலேயே நிரப்பி, மேலே பற்றவைக்கிறோம். தீ மெல்லக் கீழே இறங்கும்போது விறகிலிருந்து வாயு கிளம்பும். மேல்துளைகள் வழியாக வரும் காற்றில் அந்த வாயுதான் எரிகிறது. விறகு கரியாக மிஞ்சுகிறது. 1 கிலோ காய்ந்த விறகுக்குச் சுமார் 200 கிராம் கரி கிடைக்கும்.

கொட்டாங்குச்சி, மக்காச்சோளக் கட்டை, பருத்திமார், சீமைக்கருவேலக் குச்சி எல்லாம் ஏற்றவை. விரல் நீளத்துக்கு நறுக்கி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். ஈர விறகு புகையும். கடலைத்தோலை மட்டும் நிரப்பினால் காற்று ஏறாது. குச்சிகளோடு கலந்து போடலாம். அடுப்பை நீங்களே செய்வதாக இருந்தால் பூச்சிமருந்து டின், பெயின்ட் டின், துத்தநாகப் பூச்சுள்ள தகரம் மூன்றும் வேண்டாம். சூடேறினால் நச்சுப்புகை வரும்.

வைக்கோல் போர், கீற்றுக் கொட்டகை பக்கத்தில் வைக்காமல் திறந்தவெளியில் சமமான தரையில் வையுங்கள். உயரமான ஒல்லி அடுப்பின் மேல் பெரிய சோற்றுப்பானை ஏற்றினால் சாய்ந்துவிடும். சுற்றிலும் மூன்று பக்கம் செங்கல் அடுக்கி, பானையின் பாரத்தை அதில் இறக்குங்கள். கீழ்த்துளைகளை அடைத்துவிடக் கூடாது.

நடுவில் சுவாலை அணைந்து வெள்ளைப் புகை வந்தால் குனிந்து பார்க்காதீர்கள், ஊதாதீர்கள். அந்தப் புகையே எரியும் வாயுதான். குபீரென்று முகத்தில் பிடிக்கும். தள்ளி நின்று, நீளமான குச்சியின் நுனியில் நெருப்பு வைத்துக் காட்டுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் பேச்சே வேண்டாம். நைலான் சேலை கட்டியவர்களும் பிள்ளைகளும் விலகியே இருக்கட்டும்.

இனி அந்த வாசகி கேட்ட விஷயம். மஞ்சள் சுவாலை அடங்கி, நீலமாகச் சின்னதாக ஆடத் தொடங்கினால் விறகில் இருந்த வாயு தீர்ந்துவிட்டது, இனி கரிதான் எரிகிறது என்று அர்த்தம். அப்போது கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. ரத்தம் பிராணவாயுவை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வரும். தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் குளிருக்குக் கரி மூட்டி, அறையைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். புகை இல்லையென்றால் பயமில்லை என்ற நினைப்புதான் ஆளைக் கொல்கிறது. யாருக்காவது தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள்.

அடுத்தது, கரியை அணைப்பது. இதில் நானே ஒருமுறை தவறினேன். ஒரு கிராமத்தில் செயல்விளக்கம் முடிந்ததும், மேலாகத் தண்ணீர் தெளித்த கரியைச் சாக்கில் கட்டி ஜீப்பின் பின்னால் போட்டேன். ஒரு மணி நேரத்தில் சாக்கு புகைந்தது. டிரைவர் வாசம் பிடித்து வண்டியை நிறுத்தியதால் தப்பித்தோம். கரியின் உள்ளே மிச்சமிருந்த சின்னக் கங்கு, காற்று பட்டுப் பட்டுத் திரும்பவும் பற்றிக்கொண்டது. அதே சாக்கு மாட்டுக்கொட்டகையில் இருந்திருந்தால்?

காய்ந்த கனத்த சாக்கால் அடுப்பைப் பிடித்துக் கவிழுங்கள். ஈரத்துணி கூடாது, ஆவி கையைப் பொசுக்கிவிடும். சூடான அடுப்புக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெறும் தரையில் கரியைக் கொட்டிப் பரப்பி, தள்ளி நின்று தண்ணீர் தெளித்து, குச்சியால் கிளறி, மறுபடியும் தெளியுங்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் இறுக்கமான மூடியுள்ள இரும்புச் சட்டியில் போட்டு மூடுங்கள். எப்படி அணைத்தாலும் ஒருநாள் முழுக்க வெளியே விட்டு, கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு தெரியவில்லை என்றான பிறகே சாக்கில் அள்ளுங்கள்.

இந்தக் கரியை அப்படியே வயலில் போட்டால் முதலில் சத்தைத் தானே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நொறுக்கி, ஒரு வாரம் ஜீவாமிர்தத்தில் ஊறவைத்தோ, மட்கிய தொழுவுரத்தில் கலந்தோ போடுங்கள். புளிப்பு மண்ணுக்கு நல்லது. களர் நிலத்துக்காரர்கள் மண் பரிசோதனை செய்யாமல் போட வேண்டாம். கரியோடு வரும் சாம்பல் காரத்தன்மையை இன்னும் ஏற்றிவிடும்.