லாரிக்கு ஏற்ற ஹாம் செட்

மிளகு, காம்பியர், ரப்பர் என்று தோட்டம் போட்டுச் செழித்த வணிகர் சூ பூன் லேயின் பெயர், சிங்கப்பூரின் மேற்கே ஓர் எம்ஆர்டி நிலையத்துக்கும் அதைச் சுற்றிய வட்டாரத்துக்கும் நிலைத்துவிட்டது. தோட்டங்கள் இருந்த பக்கத்தில் 1960களில் ஜூரோங் தொழிற்பேட்டை எழுந்தது. 1998இல் துவாஸில் மலேசியாவுக்கான இரண்டாம் பாலம் திறந்த பிறகு, பூன் லே பக்கத்துக் கிடங்குகளில் சரக்கேற்றும் பிரைம் மூவர் லாரிகள் உட்லண்ட்ஸ் எல்லைக்குப் போய் நெரிசலில் நிற்காமல் நேரே ஜொகூருக்குள் இறங்கிவிடலாம். அங்கிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்தால், தாய்லாந்து எல்லையில் இருக்கும் புக்கிட் காயு ஹித்தாம் வரை ஒரே சாலை. நீளம் 772 கிலோமீட்டர்.

இந்தத் தடத்தில் ஸ்டியரிங் பிடிப்பவர்களில் மலேசியத் தமிழர்கள் கணிசம். கைபேசி எல்லார் கையிலும் இருக்கிறது. ஆனாலும் வானொலி ஆர்வம் உள்ள ஓட்டுநருக்கு, கேபினில் ஒரு ஹாம் செட், அதாவது அமெச்சூர் வானொலி செட், இருப்பது தனி மகிழ்ச்சி. கோபுரமோ மாதக் கட்டணமோ இல்லாமல், தன் மின்சாரத்தில், தான் நட்ட ஆன்டெனாவில், முன்பின் தெரியாத ஒருவரோடு பேச முடிகிறது. மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் விழுந்த நாளில் அதே செட் ஊருக்கே உதவும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அமெச்சூர் வானொலி என்பது சொந்த ஆர்வத்துக்காக, பண லாபம் இல்லாமல் நடத்தப்படுவது என்று அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதியே வரையறுக்கிறது. "கன்டெய்னரை இறக்கியாச்சு, அடுத்த லோடு எங்கே?" என்று முதலாளியிடம் கேட்பதற்கு இந்த அலைவரிசைகள் இல்லை. அதற்குக் கைபேசி இருக்கிறது. நிறுவனங்கள் உரிமம் பெற்று வைத்துக்கொள்ளும் வாக்கி டாக்கியும் இருக்கிறது. மலேசியாவில் 477 மெகாஹெர்ட்ஸில் தேர்வில்லாமல் எவரும் பேசக்கூடிய 38 சேனல்கள் உண்டு. அது மலேசியாவின் ஏற்பாடு, பாலத்துக்கு இந்தப் பக்கம் செல்லாது.

லாரிக்கு செட் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் செட்டின் வாட்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இது தவறான இடத்தில் தொடங்குவது. 144 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. பூமி வளைந்திருப்பதால், எவ்வளவு தூரம் எட்டும் என்பதை ஆன்டெனாவின் உயரமே முடிவு செய்கிறது. கணக்கு எளிது: மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை எடுத்து 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் வானொலித் தொடுவானம் கிடைக்கும். நான்கு மீட்டர் உயரத்தில் ஆன்டெனா உள்ள லாரிக்கு அது சுமார் 8 கிலோமீட்டர். அதே உயரத்தில் இன்னொரு லாரி இருந்தால் இரண்டுக்கும் நடுவே 16 கிலோமீட்டர். 5 வாட்டை 50 வாட்டாக உயர்த்தினால் பேச்சு தெளிவாகும்; தொடுவானம் நகராது.

அந்தத் தொடுவானத்தைத் தள்ளி வைப்பது ரிப்பீட்டர். உயரமான இடத்தில் இருந்துகொண்டு, ஓர் அலைவரிசையில் கேட்டதை அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் திரும்ப ஒலிபரப்பும் நிலையம் அது. ஜொகூர் எல்லையில் நிற்கும் லெடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர். அந்த உயரத்தில் ஒரு ரிப்பீட்டர் இருந்தால், இதே கணக்கின்படி அதன் பார்வை 147 கிலோமீட்டர் போகும். தீபகற்பத்தின் நடுவே மலைத்தொடர் ஓடுவதால் மலேசிய ஹாம்களுக்கு இயற்கையே கோபுரம் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஆகவே இந்தச் சாலைக்கு முதல் செட், 144 மெகாஹெர்ட்ஸும் 430 மெகாஹெர்ட்ஸும் சேர்ந்த இரட்டைப் பட்டை எஃப்எம் செட்தான். கையடக்க செட்டை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், இரும்புக் கேபினே அதன் அலையில் பெரும்பகுதியை உள்ளே அடைத்துவிடும்.

செட்டை வாங்கிய கையோடு பேட்டரியில் மாட்டப் போகிறவர்களை லாரி அங்கேயே தடுக்கும். காரில் 12 வோல்ட். கனரக லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட். ஹாம் செட்டுக்கு வேண்டியது 13.8 வோல்ட். நேரடியாக இணைத்தால் செட் அன்றே போய்விடும். இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது பணிமனைகளில் சொல்லிக்கொடுக்கும் குறுக்குவழி. அப்படிச் செய்தால் ஒரு பேட்டரி அதிகம் காலியாகும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும். சில மாதங்களில் இரண்டையும் மாற்ற வேண்டி வரும். சரியான வழி, 24 வோல்ட்டை 13.8 ஆக இறக்கும் கன்வெர்ட்டர். 50 வாட் செட் பேசும்போது 10, 12 ஆம்பியர் இழுக்கும். கன்வெர்ட்டர் தொடர்ச்சியாக 20 ஆம்பியர் தாங்கினால் நிம்மதி. மலிவான கன்வெர்ட்டர்கள் தாமே இரைச்சலை உமிழும், அது செட்டின் காதில் சீறலாகக் கேட்கும். இங்கே காசை மிச்சம் பிடிக்கக் கூடாது.

வயரின் தடிமனும் அப்படித்தான். 100 வாட் செட் ஒன்று 20 ஆம்பியர் இழுக்கிறது, மின்சாரம் வரும் இடத்திலிருந்து செட் வரை 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 10 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் வழியிலேயே சுமார் 1.4 வோல்ட் காணாமல் போகும். 6 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.6தான் போகும். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். வழியில் எங்காவது வயர் உரசி வண்டியின் உடம்பில் பட்டால் கேபினைத் தீயிலிருந்து காப்பது அதுதான்.

ஆன்டெனாவுக்கு வருவோம்; பாதிப் பணமும் முழுக் கவனமும் போக வேண்டிய இடம் இது. 146 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 2 மீட்டர், அதில் கால் பங்கு அரை மீட்டர். கால் அலை ஆன்டெனா தனக்குக் கீழே விரிந்த உலோகத் தளத்தை எதிர்பார்க்கிறது. காரில் கூரையே அந்தத் தளம். பிரைம் மூவரின் கூரையிலோ காற்றைத் தள்ளிவிடும் ஃபைபர் தடுப்பு நிற்கிறது. அதன்மேல் காந்த மவுண்ட் ஒட்டாது, ஒட்டவைத்தாலும் அடியில் உலோகம் இல்லை. இதற்கு இரண்டு வழிகள். கண்ணாடியைத் தாங்கும் இரும்புக் கையில் தாங்கி பொருத்தி, பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் தொடும்படி முடுக்கலாம். அல்லது உலோகத் தளம் கேட்காத அரை அலை ஆன்டெனாவைப் போடலாம். ஃபைபர் தடுப்புள்ள வண்டிக்கு இரண்டாவதுதான் நல்லது. எதைப் போட்டாலும் சிங்கப்பூரில் 4.5 மீட்டர் உயரத்தை மறக்கக் கூடாது. அதைத் தாண்டும் வாகனம் காவல்துறையின் துணையோடுதான் போக வேண்டும்.

பொருத்தியதும், திரும்பி வரும் சக்தியைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைச் செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் மாட்டிப் பார்க்க வேண்டும். முள் 1.5ஐக் காட்டினால் அனுப்பும் சக்தியில் 4 விழுக்காடு திரும்பி வருகிறது. 2 என்றால் 11, 3 என்றால் 25. தண்டைச் சில மில்லிமீட்டர் ஏற்றி இறக்கும்போது முள் இறங்குவதைக் கண்ணால் பார்ப்பதே இந்தக் கலையின் இன்பங்களில் ஒன்று. ஆன்டெனாவுக்கு ஒல்லியான ஆர்ஜி 58 கேபிளை 5 மீட்டர் ஓட்டினால் 144 மெகாஹெர்ட்ஸில் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு கேபிளிலேயே கரையும். 430இல் மூன்றில் ஒரு பங்கு வரை போகும். தேவைக்கு மேல் கேபிளைச் சுருட்டி வைக்காதீர்கள்.

சிற்றலை செட் வேண்டுமா என்ற கேள்வி பிறகு வரும். சிற்றலையின் 7 மெகாஹெர்ட்ஸில் அலை வானில் மோதித் திரும்பி இறங்குகிறது. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையிலான தூரத்தை மலையோ ரிப்பீட்டரோ இல்லாமல் பகலிலேயே எட்டிவிடலாம். இதன் அருமை 2004 டிசம்பரில் தெரிந்தது. அந்தமானில் ஹாம் நிலையம் அமைத்து உலகோடு பேசுவதற்காகப் போயிருந்த இந்திய ஹாம் பாரதி பிரசாத்தின் குழு, சுனாமி அடித்ததும் போர்ட் பிளேரிலிருந்து தீவுகளின் செய்தியை வெளியே கொண்டுவந்தது. இலங்கையில் ஹாம் விக்டர் குணதிலகவும் தோழர்களும் ஹம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைத்தார்கள்.

ஆனால் லாரியில் சிற்றலை கடினம். 7 மெகாஹெர்ட்ஸின் கால் அலை பத்து மீட்டருக்கு மேல். அதை இரண்டரை மீட்டர் தண்டாகக் குறுக்கி, மீதியைச் சுருள் வைத்து ஈடுகட்ட வேண்டும். செலுத்தும் 100 வாட்டில் பெரும்பகுதி சுருளிலும் வண்டி உடம்பிலும் சூடாகப் போய்விடும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லாததால் அந்த இரைச்சல் இல்லை என்பது ஓர் ஆறுதல். யுஎஸ்பி சார்ஜரும் டேஷ் கேமராவும் அதற்குப் பதிலாக இரையும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியும்.

எல்லையைத் தாண்டும் வண்டிக்கு இன்னொன்று. சிங்கப்பூரில் தேர்வு எழுதித் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் உரிமம் பெற்றால் 9வி1 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் 9எம்2, 9டபிள்யூ2 என்று தொடங்கும் குறிகளை மலேசிய ஆணையம் தருகிறது. ஒரு நாட்டு உரிமம் மறுநாட்டில் தானாகச் செல்லாது. முன்கூட்டியே அனுமதி வாங்கி, தாளைக் கேபினிலேயே வைத்திருக்க வேண்டும். மைக்கைத் தொடுவதும் வண்டி ஓய்விடத்தில் நின்ற பிறகுதான்.

இந்தத் தடத்தில் ஓடுகிறவருக்கு 50 வாட் இரட்டைப் பட்டை செட், நல்ல கன்வெர்ட்டர், அரை அலை ஆன்டெனா, தடித்த வயர், ஒரு எஸ்டபிள்யூஆர் மீட்டர் ஆகியவை முதல் ஆண்டுக்குத் தாராளமாகப் போதும். சிற்றலை செட்டை வீட்டில் வைத்துப் பழகிவிட்டு லாரிக்குக் கொண்டுவரலாம். செட்டுக்குக் காசு சேர்ப்பதற்கு முன் தேர்வுக்குப் பெயரைக் கொடுங்கள். சிங்கப்பூரில் சார்ட்ஸ், மலேசியாவில் மார்ட்ஸ் என்ற அமெச்சூர் வானொலிச் சங்கத்தாரைக் கேட்டால் வழி சொல்வார்கள்.