கடத்துக்கும் ஓர் ஆசனம்

வண்டியூர்த் தெப்பக்குளம் தாண்டிக் கிழக்கே சென்றால் மானாமதுரை. கனமான கடங்கள் பிறக்கும் ஊர். 1976ஆம் வருஷம் விக்கு விநாயக்ராம் ‘சக்தி’ குழுவினருடன் ஸ்விட்ஸர்லாந்தின் மாந்த்ரோ நகரில் கடம் வாசித்தார். நாதத்தைக் கேட்போர் அதன் சுமையை அறியார். வீணையில் தந்தி அறுந்தால் வேறு கட்டலாம். மிருதங்கத்துக்குத் தோல் மாற்றலாம். கடத்தில் கீறல் விழுந்தால் தீர்ந்தது. சுருதியையும் இஷ்டம்போல் ஏற்றி இறக்க இயலாது. ஆகவே சுருதிக்கொன்றாகப் பல கடங்களைச் சுமக்கவேண்டும். ஐரோப்பிய ரயிலோ பல நிலையங்களில் ஓரிரு நிமிஷமே நிற்கும். கூலியாள் கிடைப்பதும் அருமை. பெட்டி படுக்கையை முதலில் ஏற்றுவதா, கடத்தையா? (மதுரை ஜங்ஷனிலாவது யாரேனும் கை கொடுப்பர்!) உடைந்தால் பாரிஸ் கடைத்தெருவில் மாற்று அகப்படுமா? வித்துவான்களை அயல்நாடு அனுப்பும் சர்க்காரும் சபைகளும் கடத்துக்கும் ஓர் ஆசனச் சீட்டு வாங்கிக் கொடுப்பதே முறை.