மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவின் காட்சிமுனைகளும் நடைவழிகளும்

மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா அல்லது டெத் வேலி என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் அமைந்துள்ள ஒரு பாலைவனப் பூங்கா ஆகும். இதன் சிறு பகுதி நெவாடா மாநிலத்துக்குள்ளும் நீண்டுள்ளது. 1933 இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட இவ்விடம், 1994 இல் விரிவாக்கப்பட்டுத் தேசியப் பூங்காவானது. ஏறத்தாழ 13,700 சதுர கி.மீ. பரப்புடைய இதுவே அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா ஆகும்.

பூங்காவின் மிகத் தாழ்ந்த இடம் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே உள்ளது. மிக உயர்ந்த சிகரத்தின் உயரம் 3,368 மீட்டர். இங்கு எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எவ்வழியில் நடக்கலாம் என்பதை வழியின் நீளத்தைவிட இந்த உயர வேறுபாடே முடிவு செய்கின்றது. இதனை அறியாது நடந்தோர் சிலர் உயிரிழந்துள்ளனர்.

உயரமும் வெப்பமும்

பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, இடையிலுள்ள மலைத்தொடர்களில் மழையைப் பொழிந்துவிட்டு வறண்ட நிலையிலேயே பள்ளத்தாக்கை அடைகின்றது. ஆண்டு மழை சுமார் 5 செ.மீ. மட்டுமே. மரஞ்செடியற்ற தரை சூடேற, அதன்மேலுள்ள காற்று மேலெழுகின்றது. ஆனால் இருபுறமும் செங்குத்தான மலைகள் இருப்பதால் அக்காற்று முழுதும் வெளியேறாது மீண்டும் கீழிறங்குகின்றது. இறங்கும்போது அழுத்தப்பட்டு மேலும் சூடாகின்றது. 1913 சூலை 10 அன்று இங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 பாகை செல்சியஸ், சில வானிலையாளர்கள் ஐயம் எழுப்பினும், உலகின் மிக உயர்ந்த காற்று வெப்பநிலையாக உலக வானிலை அமைப்பினால் ஏற்கப்பட்டுள்ளது. 1972 இல் அங்கு தரையின் வெப்பநிலை 93.9 பாகையை எட்டியது.

மேலே செல்லச் செல்ல நிலைமை மாறுகின்றது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 9 பாகை குறையும். இங்கு நெடுங்காலமாக வாழும் திம்பிசா சோசோனி மக்கள் குளிர்காலத்தில் பள்ளத்தாக்கிலும், கோடையில் மலைகளிலும் தங்கினர். மலையில் பைன் கொட்டைகளைச் சேகரித்தனர். 'மரணப் பள்ளத்தாக்கு' என்பது அவர்கள் இட்ட பெயரன்று. 1849 இல் தங்கம் தேடிச் செல்கையில் வழிதவறி இங்கு சிக்கிய குடியேறிகளால் வந்தது அது.

காட்சிமுனைகள்

இவ்வுயர வேறுபாட்டை ஒரே பார்வையில் காண ஏற்ற இடம் டான்டேயின் காட்சிமுனை. 1,669 மீட்டர் உயரத்திலுள்ள இங்கு வாகனத்திலேயே ஏறலாம். நேர் கீழே பேட்வாட்டர் உப்புப்படுகை வெண்மையாக விரிந்து கிடக்கும்; எதிரே பனமிண்ட் மலைத்தொடர் நிற்கும். கீழே அனல் வீசும் நாளிலும் இங்கு சுமார் 14 பாகை குறைவாக இருக்கும். பூங்காவில் ஒரு காட்சிமுனைக்கே நேரமுண்டு எனில் இதனையே பரிந்துரைக்கலாம்.

புகைப்படங்களில் அதிகம் காணப்படுவது சப்ரிஸ்கி முனை. பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு இங்கிருந்த ஏரியின் அடியில் படிந்த சேறும் சாம்பலுமே இன்று மஞ்சளும் பழுப்புமான மடிப்புகளாக அரிக்கப்பட்டுள்ளன. இங்கு வெண்காரம் வெட்டிய பசிபிக் கோஸ்ட் போராக்ஸ் நிறுவனத்தின் அதிகாரி ஒருவரின் பெயரை இம்முனை தாங்கியுள்ளது. எதிரே கூம்பாக நிற்கும் மேன்லி பீக்கன், 1849 இல் சிக்கியோரை வெளியே அழைத்துச் சென்ற வில்லியம் மேன்லியின் நினைவாகப் பெயரிடப்பட்டது.

வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த இடமான பேட்வாட்டரில், பாறைச்சுவரில் தலைக்கு மேல் வெகு உயரத்தில் கடல்மட்டத்தைக் குறிக்கும் பலகை ஒன்று உள்ளது. எண்கள் உணர்த்தாததை அப்பலகை உணர்த்துகின்றது.

நடைவழிகள்

இப்பூங்காவில் செப்பனிட்டுப் பேணப்படும் பாதைகள் சிலவே. பெரும்பாலானவை பள்ளங்களின் அடியிலோ, மலைமுகடுகளிலோ தாமே வழிகண்டு செல்ல வேண்டியவை.

கோல்டன் கேன்யன் வழி கடல்மட்டத்துக்குக் கீழே தொடங்குகின்றது. ரெட் கதீட்ரல் எனும் செம்பாறை வரை சென்று திரும்ப ஏறத்தாழ 5 கி.மீ.; சப்ரிஸ்கி முனையையும் இதன் வழியே அடையலாம். முன்பு இதனுள் தார்ச்சாலை இருந்தது. 1976 இல் பெய்த மழையின் வெள்ளம் அதனை அடித்துச் சென்றது. அருகிலுள்ள கோவர் கல்ச் இதனினும் வியப்பானது. ஃபர்னஸ் கிரீக்கிலிருந்த கட்டடங்களை வெள்ளத்திலிருந்து காக்க, 1941 இல் பெரிய ஓடை ஒன்று இச்சிறு பள்ளத்துக்குள் திருப்பிவிடப்பட்டது. அன்றுமுதல் பள்ளம் வேகமாக ஆழமாகி வருகின்றது. மனிதன் செய்த ஒரு வெட்டு நிலத்தை எவ்வாறு மாற்றும் என்பதை நடப்பவர் கண்ணால் காணலாம்.

ஸ்டவ்பைப் வெல்ஸ் அருகிலுள்ள மொசைக் கேன்யனில், வெள்ளம் மெருகேற்றிய சலவைக்கல் சுவர்களுக்கிடையே நடக்கலாம். அதன் அருகேயுள்ள மெஸ்கீட் மணற்குன்றுகளில் குறித்த பாதை ஏதுமில்லை.

டெலஸ்கோப் சிகரத்துக்குச் செல்லும் வழி முற்றிலும் வேறானது. மஹோகனி பிளாட்டில், 2,400 மீட்டருக்கும் மேல் தொடங்கும் இது, போய்வர சுமார் 22 கி.மீ. நீளமுடையது. உச்சிக்கு அருகில் மிகத் தொன்மையான பிரிசில்கோன் பைன் மரங்கள் உள்ளன. கோடையில் நடக்கத் தக்க வழி இதுவே. குளிர்காலத்திலோ பனிக்கோடரி தேவைப்படும். இதைவிடக் குறுகியது வைல்ட்ரோஸ் சிகர வழி. அது 1877 இல் கட்டப்பட்ட, தேன்கூடு வடிவக் கரிச்சூளைகள் பத்தின் அருகில் தொடங்குகின்றது.

இடர்கள்

கோடையில் தாழ்நிலங்களில் காலை 10 மணிக்குப் பின் நடக்க வேண்டாம் எனப் பூங்கா நிர்வாகம் அறிவுறுத்துகின்றது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லீட்டர் நீர் வேண்டும். காற்று மிக வறண்டிருப்பதால் வியர்வை தோலில் தோன்றுமுன்னே ஆவியாகிவிடும். நீரிழப்பதை நடப்பவர் உணர்வதில்லை.

2023 சூலை 18 அன்று கோல்டன் கேன்யன் தொடக்கத்தில் 71 வயதான ஒருவர் சுருண்டு விழுந்து இறந்தார். அன்றைய உச்ச வெப்பம் 49 பாகை. அவர் தொப்பியும் நடைக்கேற்ற உடையும் அணிந்தே இருந்தார். மீட்பு உலங்கு வானூர்தியால் வெப்பத்தின் காரணமாக வர இயலவில்லை. சூடான காற்றின் அடர்த்தி குறைவு; ஆதலால் சுழலிகள் உண்டாக்கும் உயர்த்துவிசையும் குறைகின்றது. 2024 சூலையில் மெஸ்கீட் மணற்குன்றுகளில் காலணியை இழந்த சுற்றுலாப் பயணி ஒருவரின் பாதங்கள் கடுமையாக வெந்தபோதும் இதே சிக்கல் நேர்ந்தது. காவலர்கள் அவரை உயரமான, 43 பாகையே இருந்த இடத்துக்குச் சாலைவழி கொண்டுசென்ற பின்னரே வானூர்தியில் ஏற்ற முடிந்தது.

இங்கு வெள்ளமும் ஆபத்தானது. கடினமான தரை நீரை உறிஞ்சுவதில்லை. தொலைவில் பெய்யும் மழைகூடக் குறுகிய பள்ளங்களில் திடீரெனப் பாய்ந்து வரும். 2023 ஆகத்து 20 அன்று ஹிலரி புயலின் எச்சம் ஒரே நாளில் 5.6 செ.மீ. மழையைக் கொட்டியது. இது ஓராண்டின் சராசரி மழைக்கும் மேல். சாலைகள் சிதைந்து, பூங்கா அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்பட்டிருந்தது. பேட்வாட்டரில், பனியூழிக் காலத்தில் இருந்த மேன்லி ஏரி மீண்டும் தோன்றி, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மக்கள் அதில் சிறுபடகு செலுத்துமளவுக்கு நிறைந்திருந்தது.